சப்டொமைனா, ஃபோல்டரா? ரேங்க் உண்மையில் எங்கே விழுகிறது

வலைத்தறி:
சப்டொமைன் (தளப் பெயருக்கு முன்னால் தனிப் பெயர் சேர்ந்த முகவரி) வைத்தாலே கூகுள் கீழே தள்ளிவிடும் என்ற பயத்தை முதலில் விடுங்கள். தமிழ் விக்கிப்பீடியா சப்டொமைனில் இருக்கிறது. பிபிசி தமிழ் முதன்மைத் தளத்துக்குள் ஒரு ஃபோல்டர், அதாவது தளப் பெயருக்குப் பின் சாய்கோடு போட்டு வரும் பகுதி. இரண்டுமே தேடலில் நன்றாக வருகின்றன. எதை வைத்தாலும் சரி என்று கூகுளின் ஜான் முல்லர் 2017இலேயே சொல்லிவிட்டார்.

ஆனால் சப்டொமைன் தனிக் குடித்தனம். எதைப் படிக்கலாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு முதன்மைத் தளத்தில் இருந்தால் அது சப்டொமைனுக்குச் செல்லாது. தனியாக ஒன்று வேண்டும். பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பும் அப்படியே. தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் 'டொமைன்' வகைப் பிராப்பர்ட்டி (தளப் பதிவு) எடுத்து, டொமைன் பெயர்களின் பதிவேடான டிஎன்எஸ்ஸில் உரிமையைக் காட்டும் டிஎக்ஸ்டி ரெக்கார்டு போட்டால் எல்லா சப்டொமைனும் ஒரே இடத்தில் தெரியும். ஒரு முகவரியை மட்டும் காட்டும் யுஆர்எல் பிரிஃபிக்ஸ் வகை மட்டும் போட்டவர்களுக்குப் பாதித் தளம் கண்ணிலேயே படாது.

பெரிய இழப்பு உள் இணைப்புகளில். ஃபோல்டரில் இருக்கும் கட்டுரைகள் ஒரே மெனு, ஒரே தொடர்புடைய பக்கங்கள் என்று ஒன்றையொன்று தாங்கும். சப்டொமைனுக்கு ஃபூட்டரில் ஒற்றை லிங்க் கொடுத்துவிட்டு ரேங்க் வரவில்லை என்றால் எப்படி வரும்? ஆள்பலம் இல்லாத சின்னத் தளத்துக்கு ஃபோல்டரே நல்லது.

சர்வர்_மேடை:
பிளாகை ஃபோல்டருக்கு மாற்றுகிறவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. பிளாக் பழைய சர்வரிலேயே இருக்கும், முன்னால், வரும் கோரிக்கையை வாங்கி அந்தச் சர்வருக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் பிராக்ஸி வைப்பார்கள். பிறகு பழைய சப்டொமைனிலிருந்து புது முகவரிக்கு 301 (நிரந்தர ரீடைரக்ட், அதாவது திருப்பிவிடுதல்) போடுவார்கள். பிராக்ஸியும் அதே பழைய பெயரைத்தான் கேட்கிறது; பதிலாக 301 வருகிறது; பிரவுசர் திரும்ப பிராக்ஸிக்கே போகிறது. முடிவில்லாத சுழல்.

பிராக்ஸி பேசுவதற்கு சர்வருக்கு வேறு ஒரு உள்பெயர் கொடுங்கள். 301 பழைய பெயரில் மட்டும் இருக்கட்டும். வேர்ட்பிரஸ் என்றால் அதுவே தன் பங்குக்கு ஒரு ரீடைரக்ட் செய்யும். வெளியே தெரியும் ஹோஸ்ட் பெயரையும் பாதையையும் கான்ஃபிக் கோப்பில் எழுதினால்தான் அது அடங்கும். 'தள முகவரி'யையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் 'இதுவே அசல் முகவரி' என்று சொல்லும் கேனானிக்கல் குறிப்பு பழைய சப்டொமைனையே காட்டிக்கொண்டிருக்கும், புதுப் பக்கம் இண்டெக்ஸ் ஆகாது, அதாவது கூகுளின் பட்டியலில் ஏறாது. பிராக்ஸி வரியின் கடைசியில் ஒரு சாய்கோடு விட்டுப்போனால் ஃபோல்டர் பெயரும் சேர்ந்தே பின்னால் இருக்கும் சர்வருக்குப் போய், எல்லாப் பக்கமும் 404 ('பக்கம் இல்லை'). உள்பெயரை வெளியார் திறக்க முடியாதபடி பூட்டுங்கள், அது இன்னொரு நகலாக இண்டெக்ஸில் ஏறிவிடும்.

புதியவன்_குறிப்பு:
சர்ச் கன்சோலில் 'முகவரி மாற்றம்' கருவி இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா?

சர்வர்_மேடை:
இதற்கு ஆகாது. ஒரு முழு டொமைன் அல்லது சப்டொமைன் இன்னொன்றுக்குப் போகும்போதுதான் அது. ஃபோல்டருக்குள் போவதை அதில் குறிப்பிட வழியில்லை. பக்கத்துக்குப் பக்கம் 301 போட்டு, குறைந்தது 1 ஆண்டு வைத்திருங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிட்டால் கூகுள் அதை சாஃப்ட் 404, அதாவது உண்மையில் இல்லாத பக்கம், என்று எடுத்துக்கொள்ளும். பழைய இணைப்புகளின் பலன் போய்விடும்.

நூலிழை:
சோதனைத் தளம் வைக்கும் சப்டொமைனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரோபாட்ஸில் தடுத்து, பக்கத்தில் நோஇண்டெக்ஸும் ('தேடலில் ஏற்றாதே' என்ற குறிப்பு) போடுவது நிறையப் பேர் செய்யும் தவறு. தடுத்த பக்கத்தைக் கூகுள் படிக்காது, பிறகு நோஇண்டெக்ஸ் அதற்கு எப்படித் தெரியும்? வெளியிலிருந்து லிங்க் இருந்தால் முகவரி மட்டும் தேடலில் நிற்கும். பாஸ்வேர்டு போட்டு 401 ('அனுமதி இல்லை') கொடுப்பதே உறுதியான பூட்டு. ஏற்கெனவே ஏறிவிட்டதா? சர்ச் கன்சோலின் நீக்கல் கருவி சுமார் 6 மாதம் மறைக்கும், அதற்குள் பூட்டிவிடுங்கள்.

டிஎன்எஸ்_காவல்:
எந்த சப்டொமைன் பெயரையும் ஏற்கும் வைல்டுகார்டு டிஎன்எஸ் வைத்து, எந்தப் பெயருக்கும் 200 ('பக்கம் இருக்கிறது') கொடுக்கும் சர்வர் ஆபத்து: யாராவது தப்பான பெயரில் லிங்க் கொடுத்தாலே முழுத் தளத்துக்கும் ஒரு நகல் பிறக்கும். தெரியாத பெயருக்கு 404 கொடுங்கள். அதைவிட மோசம், சேவையை நிறுத்திய பிறகும் நீக்காமல் விட்ட சிநேம் ரெக்கார்டு (உங்கள் சப்டொமைனை வேறொரு சேவையின் பெயருக்குக் காட்டும் டிஎன்எஸ் குறிப்பு). அந்தச் சேவையில் அதே பெயரை வேறு ஒருவர் பிடித்துக்கொண்டால் உங்கள் டொமைனின் கீழ் சூதாட்டப் பக்கங்கள் ஏறும். சேவையை மூடும்போது முதலில் ரெக்கார்டை அழியுங்கள், கணக்கைப் பிறகு.