வீட்டு வாசலுக்கும் வெளியூர் போகவும் ஒரே ரேம்ப் போதுமா? அப்பாவுக்காகக் கேட்கிறேன்

அமராவதிக்கரை:
வணக்கம். நமக்கு ஊர் கரூர். அப்பாவுக்கு 71 வயசு. தை மாசம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துருச்சு. இப்போ வீல்சேர்தான். வீட்டு வாசலில் மூணு படி. தினமும் காலையில் நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் சேரோட தூக்கி இறக்குறோம். எதிர்த்தாப்ல இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிச்சாத்தான் அப்பாவுக்கு அன்னைக்கு விடிஞ்ச மாதிரி. ஆனா தூக்குறவங்களுக்குச் சிரமம்னு இப்போ நாலு நாளா "வேண்டாம்ப்பா, பேப்பரை இங்கயே கொண்டா"ன்னு சொல்லிடுறாரு. அதைக் கேட்கவே முடியலை.

ஆன்லைன்ல மடக்குற அலுமினிய ரேம்ப் ஒண்ணு பார்த்தேன், 5 அடி நீளம். வாசலுக்கும் அதையே போட்டுக்கலாம், ஆவணியில் அக்கா பொண்ணு கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போறப்போ காரில் வச்சுக் கொண்டுபோகவும் செய்யலாம்னு நினைக்கிறேன். வாங்கலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பொருநை:
தம்பி, காசு கட்டிடாதீங்க. ஒரு நாள் பொறுங்க.

நான் 2009-ல் இருந்து வீல்சேரில் இருக்கேன். முதல் வருஷம் நீங்க யோசிக்கிற அதே தப்பைத்தான் எங்க வீட்டிலும் செஞ்சோம். வாசல் உயரம் 14 அங்குலம். கடைக்காரர் 4 அடி ரேம்ப் ஒண்ணைக் கொடுத்து "எல்லாரும் இதைத்தாம்மா வாங்குறாங்க"ன்னார். போட்டு முதல் தடவை ஏத்தும்போது பாதி வழியில் முன்சக்கரம் ரெண்டும் அந்தரத்தில் தூக்கிருச்சு. நான் மல்லாக்கப் போறேன், பின்னாடி என் தம்பி சேரோட மொத்தக் கனத்தையும் நெஞ்சில் வாங்கிட்டு நிக்கிறான். மேலேயும் போக முடியலை, கீழேயும் விட முடியலை. அப்போ அவன் மூச்சு வாங்கின சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அதுக்கப்புறம் ஆறு மாசம் நான் வாசலைத் தாண்டலை.

அதனால முதல்ல டேப்பை எடுங்க. படி எத்தனைங்கிறது முக்கியமில்லை, தரையிலிருந்து மேல்தளம் வரை நேர்குத்தா எத்தனை அங்குலம்ங்கிறதுதான் கணக்கு. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். இதைத்தான் 1:12-ன்னு சொல்றாங்க. மத்திய அரசோட நகர்ப்புற அமைச்சகம் 2021-ல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியிலும் இதுதான் அளவு. மடக்கு ரேம்ப் விற்கிறவங்க பலர், உட்கார்ந்த ஆளைப் பின்னால ஒருத்தர் தள்ளினா 1:6 வரைக்கும் போகலாம்னு போட்டிருப்பாங்க. அதாவது 5 அடி ரேம்புக்கு 10 அங்குலம். அது கல்யாண வீட்டில் அஞ்சு நிமிஷ வேலைக்குச் சரி. தினமும் ரெண்டு வேளை உங்க அம்மா தள்ளணும்னா சரிப்படாது. நீங்க ஊர்ல இல்லாத நாளில் அப்பாவை யார் தள்ளுவாங்கன்னு யோசிச்சு, அவங்க பலத்துக்கு ஏத்த சாய்வா வைங்க.

ஒரே ரேம்ப் ரெண்டுக்கும் ஆகாது. வீட்டுக்கு நிரந்தரமா கட்டுங்க. பயணத்துக்கு 5 அடி மடக்கு ரேம்ப் தாராளமா வாங்கலாம், ஆனா அது ஒரு படி, மிஞ்சினா ஒன்றரைப் படிக்குத்தான்னு தெரிஞ்சு வாங்குங்க. ஓட்டல் வாசல், சொந்தக்காரங்க வீட்டு ஒத்தைப்படி, ஆஸ்பத்திரி நடைமேடை, இதுக்கெல்லாம் அது பெரிய உதவி. தாங்குற கனத்தைக் கணக்குப் போடும்போது அப்பாவோட எடை, சேரோட எடை (இரும்பு சேர்னா 18, 20 கிலோ வரும்), கூடவே ஏறித் தள்ளுறவங்க எடை மூணையும் கூட்டுங்க. இந்த மூணாவதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க.

ரெண்டு தனித்தனித் தண்டவாளம் மாதிரி வர்ற ரேம்பும் உண்டு. கனம் கம்மி, இழுத்து நீட்டிக்கலாம். தள்ளுறவங்க நடுவுல படியிலேயே நடந்து ஏறணும். ஒவ்வொரு தடவையும் ரெண்டையும் சக்கர அகலத்துக்கு இணையா வைக்கணும், கொஞ்சம் பிசகினாலும் முன்சக்கரம் வெளியே விழும். பதற்றமான ஆளுங்களுக்கு நான் அதைச் சொல்றதே இல்லை.

கல்யாண மண்டபத்துக்கு ஒரு விஷயம். போறதுக்கு முந்தியே போன் போட்டு, சமையல்கட்டுப் பக்கம் வழி எப்படின்னு கேளுங்க. முன்வாசலில் ஏழெட்டுப் படி இருந்தாலும், அண்டாவும் கேஸ் சிலிண்டரும் இறக்குறதுக்குப் பின்னாடி பல மண்டபத்தில் சரிவு இருக்கும். பாத்திரம் போற வழியா முதல் தடவை உள்ளே போனப்போ எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, மறைக்கலை. முன்வாசலில் பன்னீர் தெளிக்கிற இடத்தில் ஒரு சரிவு வைக்க யாருக்கும் தோணலையேன்னு இன்னைக்கும் வருத்தம்தான். ஆனா பந்தியில் எல்லாரோடயும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ரயிலுக்கு ரேம்ப் தூக்கிட்டுப் போக வேண்டாம். சாதாரணப் பெட்டியோட நடைபாதையில் சேர் நுழையாது. மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் கதவு அகலம், அதில் போடுங்க. சென்னையில் 2024-ல் இருந்து ஓடுற தாழ்தளப் பேருந்தில் ரேம்ப் அதிலேயே இருக்கு.

உயரம், வாசல்லேருந்து கேட் வரைக்கும் தூரம், வீட்டு முகப்போட அகலம், மூணையும் அளந்து போடுங்க.

பட்டறை:
நமக்கு வெல்டிங் வேலை. அக்கா சொன்னதுக்கு மேல ரெண்டு வார்த்தை. "இரும்புலயே மடக்குற மாதிரி செஞ்சு குடுங்க, சீப்பா முடியும்"னு மாசம் ஒருத்தராவது வர்றாங்க. 5 அடிக்கு ரெண்டரை அடியில் 3 மி.மீ. செக்கர் பிளேட் (மேல வரி வரியா மேடு இருக்கிற இரும்புத் தகடு) அடிச்சா பிளேட் மட்டுமே 27 கிலோ வந்துடும், ஃபிரேம் தனி. காரில் தூக்கி வைக்கவே ரெண்டு ஆள் வேணும். பயணத்துக்கு அலுமினியம்தான்.

எதுல செஞ்சாலும் ரெண்டு ஓரத்திலும் ரெண்டு அங்குலத்துக்குக் கரை ஏத்தச் சொல்லுங்க, சக்கரம் வழுக்கி வெளியே போகாது. மழையில் செக்கர் பிளேட்டும் வழுக்கும். பெயின்ட் ஈரமா இருக்கும்போதே சலிச்ச மணலைத் தூவி, மேல இன்னொரு கோட்டிங் அடிச்சுக் குடுப்பேன். கையால தேய்ச்சா உப்புத்தாள் மாதிரி இருக்கணும்.

அமராவதிக்கரை:
அக்கா, அளந்துட்டேன். உயரம் 19 அங்குலம். நான் ஒரு அடி இருக்கும்னுதான் நினைச்சிருந்தேன். சுவரிலிருந்து கேட் இருக்கிற காம்பவுண்டு வரை 17 அடி. முகப்பு 22 அடி. வீடு கிழக்குப் பார்த்தது, வாசற்கதவு தென்கோடி, கேட் வடகோடி. 19 அடி ரேம்ப் நேரா வராதே?

இன்னொண்ணு, நிலைப்படி ரெண்டரை அங்குலம் இருக்கு. தேக்கு, தாத்தா காலத்து நிலை. கொத்தனார் அறுத்துடலாம்ங்கிறார். அம்மா வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கிற இடம், தொடவே விட மாட்டேங்கிறாங்க.

பொருநை:
தம்பி, இடம் உங்களுக்குக் கச்சிதமா இருக்கு. நேரா இறக்காதீங்க. கதவுக்கு முன்னாடி 5 அடிக்கு 5 அடி சமதளம். அங்கிருந்து சுவரை ஒட்டி வடக்கே 12 அடி சரிவு, அதுல 12 அங்குலம் இறங்கிரும். வடகோடியில் திரும்ப இன்னொரு 5 அடிச் சமதளம். அங்கிருந்து கேட்டைப் பார்த்து 7 அடி, மிச்சம் 7 அங்குலமும் முடிஞ்சது. கேட்டுக்கு முன்னாடி இன்னும் 5 அடி தரை மிஞ்சும், கதவைத் திறக்க சேர் நிக்கணுமில்லையா, அதுக்கு. சரிவோட அகலம் 4 அடிக்குக் குறைய வேண்டாம். அப்பாவுக்கு வலது கை நல்லா இருக்குன்னா ரெண்டு பக்கமும் கைப்பிடி போடுங்க, ஏறும்போது ஒரு பக்கம் பிடிச்சா இறங்கும்போது மறுபக்கம்தானே வலது.

டைல்ஸ் ஒட்டாதீங்க, எவ்வளவு ஆசை காட்டினாலும். சிமென்ட் பூச்சு இறுகுறதுக்குள்ள தென்னந்துடைப்பத்தால குறுக்கே கோடு இழுக்கச் சொல்லுங்க. நீளவாக்கில் இழுத்தா தண்ணி ஓடும், பிடிப்பு வராது. கொத்தனார் கண்ணளவுல பார்த்து "சரியா இருக்கும்மா"ன்னா ஒத்துக்காதீங்க, ரசமட்டம் வச்சு ஒவ்வொரு அடிக்கும் ஒரு அங்குலம் இறங்குதான்னு கூடவே நின்னு பாருங்க.

நிலையை அறுக்க வேண்டாம். அம்மா சொல்றதுதான் சரி. ஆசாரிகிட்ட உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணுன்னு மர ஆப்பு மாதிரி ரெண்டு சரிவுப்பலகை செய்யச் சொல்லுங்க, ஒவ்வொண்ணும் 20 அங்குல நீளம். அடியில் ரப்பர் ஷீட் ஒட்டினா நகராது. எங்க வீட்டிலும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை காலையில் எங்கம்மா பலகையை எடுத்துச் சுவரில் சாய்ச்சு வச்சுட்டு, நிலையைக் கழுவிப் பொட்டு வச்சு, காஞ்சதும் திரும்பப் போடுவாங்க.

கேட்டுக்கு வெளியே சாக்கடை மூடி எப்படி இருக்கு? ரெண்டு சிலாப்புக்கு நடுவுல விரல் நுழையுற இடைவெளி இருந்தாலும் முன்சக்கரம் அதுல மாட்டி ஆளை முன்னாடி தள்ளிரும். டீக்கடைக்குப் போற வழியில் அதுதான் கடைசித் தடை.

அமராவதிக்கரை:
நேத்து கான்கிரீட் போட்டாச்சு அக்கா. நீங்க சொன்ன அளவேதான், துடைப்பத்தை அம்மாதான் கொடுத்தாங்க. சாக்கடை மூடியில் நாலு விரல் இடைவெளி இருந்துச்சு, பட்டறை அண்ணன் சொன்ன மாதிரி மணல் தூவின பிளேட் ஒண்ணு அடிச்சுப் போட்டுட்டோம். அப்பா காலையில் சன்னல்கிட்ட சேரைத் தள்ளிட்டு வந்து, "காஞ்சிருச்சாடா?"ன்னு மூணு தடவை கேட்டுட்டாரு.

பொருநை:
ஒரு வாரமாவது சாக்கு போட்டுத் தண்ணி விடுங்க, அவசரப்படாதீங்க. அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. முதல் தடவை இறக்கும்போது சேரைத் திருப்பி, அப்பா முகம் வீட்டைப் பார்க்க, நீங்க கீழ்ப்பக்கம் நின்னு பின்னாலேயே மெதுவா இறங்கி வாங்க. திரும்புற சமதளத்தில் பிரேக் போட்டு ஒரு நிமிஷம் நில்லுங்க. கால்மிதி தரையில் இடிக்குதான்னு அங்கேயே பார்த்துக்கலாம்.