நைட்ரேட் 48: அறிக்கையில் எப்படி எழுதுவது?

கேள்வி:
எங்கள் குடியிருப்பின் குடிநீர்த் திட்டத்துக்குக் கணக்கு, கடிதம், அறிக்கை எல்லாம் நான்தான். ஒரு ஆழ்துளைக் கிணறு, ஒரு மேல்நிலைத் தொட்டி, 62 வீடுகள். இந்த வருடச் சோதனையில் நைட்ரேட் லிட்டருக்கு 48 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 50. 'வரம்புக்குள் உள்ளது' என்று எழுதி முடித்துவிடலாமா? போன வருடம் 31தான். அதுதான் உறுத்துகிறது.

பதில் 1:
அப்படி முடிக்காதீர்கள். 31, 48 இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். அப்புறம், ஆய்வகத் தாளில் 'நைட்ரேட்' என்று இருக்கிறதா, 'நைட்ரேட் நைட்ரஜன்' என்றா? 50 என்பது நைட்ரேட்டாகக் கணக்கிட்டால். அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டால் (அதுதான் 'நைட்ரேட் நைட்ரஜன்') சுமார் 11தான். நான் ஒருமுறை இதில் குழம்பி, வீடு வீடாகத் திருத்தம் கொடுக்க அலைந்தேன்.

பதில் 2:
காய்ச்சினால் நைட்ரேட் போகாது என்று கட்டாயம் எழுதுங்கள். தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். நைட்ரேட்டால் ஆபத்து அதிகம் கைக்குழந்தைகளுக்குத்தான்; புட்டிப்பால் குடிக்கும் குழந்தை உள்ள வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். தாளை எல்லோரும் படிப்பதில்லை.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன், 'நைட்ரேட்' என்றுதான் இருக்கிறது. மாதிரி எடுத்தது பெருமழைக்கு அடுத்த வாரம்; அதனாலும் அளவு கூடியிருக்கலாம். அதனால் மறுபடி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறேன். அதுவரை அறிக்கையை நிறுத்தி வைக்கப்போவதில்லை.