கேட் ஓரம் என்ன வைப்பது?

குழு: குன்னத்தார் வீடு
ஞாயிற்றுக்கிழமை

செந்தில் (காலை 7:12)
எல்லோருக்கும் வணக்கம். திருச்சி வீட்டில் டைல்ஸ் வேலை முடிந்தது, பெயிண்ட் இன்னும் ஒரு கை பாக்கி. இப்போது வீட்டில் ஓடும் ஒரே சண்டை, கேட்டுக்கு இரண்டு பக்கமும் என்ன வைப்பது என்பதுதான். பிரியாவுக்குக் கிறிஸ்துமஸ் மரம் வேண்டுமாம். எனக்குப் பவழமல்லி. பெரியவர்கள் தீர்ப்பு சொல்லுங்கள்.

செந்தில் (7:12)
[படம்]

பிரியா (7:15)
சண்டை என்றெல்லாம் எழுதாதீர்கள், எல்லோரும் பார்க்கிறார்கள். நான் கேட்டது, கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கிறார்களே, அந்த அரவுக்காரியா. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அடுக்கடுக்காக அளந்து வைத்த மாதிரி நிற்கும். வருடம் முழுக்கப் பச்சை. தினமும் துடைப்பத்தோடு நிற்க வேண்டியதில்லை.

மங்கை அத்தை (7:21)
பூக்காத மரத்தை வாசலில் வைத்து என்னம்மா செய்வது? காலையில் சாமிக்கு எதைப் போடுவது?

பிரியா (7:22)
பூக்காரம்மா தெருவுக்கே வருகிறார் பெரியம்மா.

மங்கை அத்தை (7:22)
முழம் என்ன விலை என்று கேட்டுப் பார்.

ரவி சித்தப்பா (7:30)
இடத்தின் அளவைச் சொல்லாமல் மரத்தைப் பற்றிப் பேசக் கூடாது. கேட்டிலிருந்து சுவர் வரை எத்தனை அடி? சம்ப் எங்கே? மேலே கம்பி போகிறதா?

செந்தில் (7:34)
கேட்டிலிருந்து சிட் அவுட் வரை 9 அடி. வடக்குப் பார்த்த வாசல். சம்ப் இடது பக்கம், கேட்டிலிருந்து 4 அடி தள்ளி. தெருக் கம்பி காம்பவுண்டை ஒட்டியே போகிறது சித்தப்பா.

ரவி சித்தப்பா (7:35)
அப்புறம் என்ன பேச்சு.

யாழினி (7:41)
அண்ணி, அரவுக்காரியா அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது எந்த ஊர் மரம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். நர்சரியில் நார்ஃபோக் பைன் என்று கொடுக்கிற அரவுக்காரியா நம் பக்கம் பெரும்பாலும் குக் பைன் வகை. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நியூ கலிடோனியா என்ற தீவுதான் அதன் சொந்த ஊர். கேப்டன் குக் 1774இல் அந்தப் பக்கம் போனபோது பார்த்த மரம், அதனால் அந்தப் பெயர். அங்கே 60 மீட்டர் வரை போகும். இங்கே அவ்வளவு போகாது, ஆனால் மாடியைத் தாண்டி நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தொட்டியில் இரண்டடி இருக்கும்போது பொம்மை மாதிரி இருக்கிறது என்று வாங்கித் தரையில் நட்டுவிடுகிறார்கள்.

பிரியா (7:43)
உயரமானால் தலையை வெட்டிவிட்டால் போச்சு.

யாழினி (7:46)
அங்கேதான் சிக்கல். அந்த அடுக்கு வடிவமே நடு உச்சியை நம்பித்தான் இருக்கிறது. உச்சியை வெட்டினால் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று தலை கிளம்பி உருவம் கெட்டுப்போகும். பக்கக் கிளை ஒன்றை வெட்டி நட்டுப் பாருங்கள், வேர் பிடித்தாலும் கடைசிவரை படுத்தபடியேதான் வளரும், நிமிராது. உச்சித் துண்டு மட்டும்தான் நேராக நிற்கும். தான் எந்த இடத்துக் கிளை என்பதை அது மறப்பதே இல்லை.

குமார் அண்ணன் (7:52)
இங்கே டொராண்டோவில் ராத்திரி பத்தரை. தூங்கப் போகும்போது திறந்தால் இந்தக் கூத்து. பிரியா, நீ ஏன் அதைக் கேட்கிறாய் என்று எனக்குப் புரிகிறது. இங்கே எந்த வீட்டு முன்னாலும் ஸ்ப்ரூஸோ சீடர் வேலியோ ஒன்று நிற்கும். ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. நவம்பர் வந்தால் மேப்பிள், ஓக் எல்லாம் குச்சி. ஏப்ரல் முடியும்வரை ஊரில் பச்சையைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த ஊசியிலை மரங்கள்தான். ஐந்தாறு மாதம் சாம்பல் நிறத்தையே பார்த்தவனுக்கு அந்த ஒரு பச்சை எவ்வளவு பெரிது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியாது. திருச்சியில் எந்த மாதம் பச்சை இல்லாமல் போகிறது? வேம்பு, புங்கன், மா எல்லாம் நிற்கிறதே. உங்கள் ஊரில் பஞ்சம் பச்சைக்கு இல்லை, நிழலுக்கு. ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்கிற மரம் நிழல் தருமா?

குமார் அண்ணன் (7:54)
இன்னொன்று. ஊசியிலை என்றாலே பசுமை மாறாது என்று நினைக்காதீர்கள். இங்கே டாமரேக் என்று ஒரு மரம், லார்ச் வகை. இலையுதிர் காலத்தில் மஞ்சளாகி மொத்தமும் கொட்டிவிடும். முதல் வருடம் பார்த்தபோது மரம் பட்டுப்போனது என்றே நினைத்தேன்.

மங்கை அத்தை (7:56)
குமாரு, சாப்பிட்டாயா?

குமார் அண்ணன் (7:56)
ஆச்சு அத்தை.

பாலு மாமா (8:10)
கோத்தகிரியிலிருந்து சொல்கிறேன். இந்த மலையில் சைப்ரஸ், பைன் எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்து வைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியில் தானாக வளர்கிற கூம்பு மரம், அதாவது பைன், சைப்ரஸ் போலப் பூக்காத இனத்து மரம், ஒன்றே ஒன்று, போடோகார்பஸ் வகை. அதற்கு ஊசியே கிடையாது. தட்டையான அகல இலை, நடு நரம்புகூடத் தெரியாது. காட்டில் காட்டினால் யாரும் பைன் சொந்தம் என்று நம்ப மாட்டார்கள்.

பாலு மாமா (8:14)
செந்தில், கோல்டன் சைப்ரஸ் என்று யாராவது தலையில் கட்டப் பார்ப்பார்கள், ஜாக்கிரதை. இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை வரும், பளிச்சென்று மஞ்சள் பச்சையாக இருக்கும், பார்த்தவுடன் வாங்கத் தோன்றும். எங்கள் குளிருக்கு அது சரி. சமவெளிக்குக் கொண்டுபோனவர்கள் ஏப்ரலில் போன் செய்கிறார்கள். முதலில் உள்பக்கம், அடிப்பக்கம் பழுப்பாகும். வெயில்தான் என்று தண்ணீரை இன்னும் ஊற்றுவார்கள், வேர் அழுகும். செம்பருத்தியை மொட்டையடித்தால் பத்து நாளில் துளிர்க்கும். சைப்ரஸ், துஜா இரண்டையும் இலை இல்லாத கட்டை வரை வெட்டினால் அந்த இடம் அதோடு சரி. பழுப்பான கிளை மறுபடி பச்சையாகாது.

பிரியா (8:16)
நான் கேட்டது சைப்ரஸ் இல்லையே.

பாலு மாமா (8:17)
தெரியும் அம்மா. உன் அரவுக்காரியா வெயிலைத் தாங்கும். கடற்கரைக் காற்றையே தாங்குகிற மரம். அதை நான் குறை சொல்லவில்லை.

ரவி சித்தப்பா (8:25)
இத்தனை கூத்து எதற்கு? ஊசி ஊசியாகத்தான் வேண்டும் என்றால் ஒரு சவுக்கை வைத்துவிட்டுப் போங்கள். இரண்டும் ஒன்றுதானே.

யாழினி (8:29)
அப்பா, சவுக்கு பூக்கும் தாவரம். கூம்பு மரமே இல்லை.

ரவி சித்தப்பா (8:29)
காய் கூம்பு மாதிரிதானே இருக்கிறது?

யாழினி (8:33)
மாதிரிதான். ஒரு சவுக்கு ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கணுக் கணுவாக இருக்கும், இழுத்தால் கணுவில் கழன்று வரும். அந்தக் கணுவைச் சுற்றி நுணுக்கமாகப் பல் பல்லாக இருப்பதுதான் இலை. நாம் ஊசி என்று நினைப்பது மெல்லிய கிளை. பூவும் உண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, காற்றில் மகரந்தம் போகும். ஆக, பைன் மாதிரி வேஷம் போட்ட பூமரம்.

ரவி சித்தப்பா (8:34)
இத்தனை வருடம் பந்தலுக்குச் சவுக்குக் கட்டை வாங்கியிருக்கிறேன், ஒருத்தன் சொல்லவில்லை.

யாழினி (8:40)
நம் ஊர்ப் பக்கத்திலேயே நிஜக் கூம்பு மரம் இருக்கிறதே. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரம். 18 மீட்டருக்கு மேல் நீளம், 12 கோடி வருடம் என்கிறார்கள். அப்போது அந்த இடம் கடல். கரையிலிருந்து அடித்து வந்த மரம் கடலடி மண்ணில் புதைந்து கல்லாகிவிட்டது. 1940இல் எம்.எஸ்.கிருஷ்ணன் என்ற நிலவியல் (ஜியாலஜி) அறிஞர் அதைப் பற்றி முதலில் எழுதினார். பூமரங்கள் ஊரைப் பிடிப்பதற்கு முன்னால் காடு என்றாலே இந்த வகைதான்.

செந்தில் (8:42)
பள்ளியில் சுற்றுலா கூட்டிப்போனபோது அதன் மேலே ஏறி நின்றோம். கம்பிவேலி போட்டு வைத்திருந்தார்கள், வாத்தியார் பிடித்துத் திட்டினார்.

பிரியா (8:43)
பார்த்தீர்களா, இந்தக் குடும்பத்துக்கே பழைய மரம் அதுதான். எனக்கு ஓட்டு கூடுகிறது.

யாழினி (8:51)
அண்ணி, கோபித்துக்கொள்ளக் கூடாது, இன்னும் ஒன்று பாக்கி. குக் பைன் நேராக நிற்காது. 2017இல் ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். சராசரியாக எட்டு டிகிரிக்கு மேல் சாய்வு. அதுவும் கண்டபடி இல்லை, பூமத்திய ரேகை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். ஆஸ்திரேலியாவில் வடக்கே சாயும், நம் நாட்டில் தெற்கே சாயும்.

செந்தில் (8:52)
நம் வாசல் வடக்கு.

செந்தில் (8:52)
அப்படியென்றால் மரத்துக்குத் தெற்கே இருப்பது

குமார் அண்ணன் (8:53)
உன் பெட்ரூம்.

ரவி சித்தப்பா (8:54)
வாஸ்துகூட இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

பிரியா (8:58)
சரி, சிரித்து முடித்தீர்களா? இப்போது பவழமல்லிக்கு வருவோம். என் அம்மா வீட்டில் இருந்தது, எனக்கு அதன் குணம் முழுக்கத் தெரியும். ஒன்று, கம்பளிப்பூச்சி. ஒரு மழைக்குப் பிறகு அடிமரத்தில் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும், தெரியாமல் கை பட்டால் இரண்டு நாள் தடிப்பு. இரண்டு, கோடையில் இலை கொட்டி மொட்டையாக நிற்கும். சரியாகச் சித்திரை வெயிலில், நிழல் வேண்டிய நேரத்தில். மூன்று, இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, உரசினால் கையே எரியும். நான்கு, கொட்டிய பூவை மிதித்தால் அந்தக் காவிக் காம்பின் சாயம் தரையில் இறங்கும். புது டைல்ஸ், வெள்ளை. எடுத்தவர் யார் என்று கேளுங்கள்.

செந்தில் (8:59)
நான்தான்.

மங்கை அத்தை (9:04)
அந்தக் காம்பில் முன்னே துணிக்குச் சாயமே போடுவார்கள். எல்லாம் சரி. ஆனால் புரட்டாசி, ஐப்பசி மாதத்தில் விடியற்காலை கதவைத் திறந்து பார், அப்புறம் பேசு. எந்தப் பூவும் தரையில் விழுந்தால் சாமிக்கு ஆகாது. பவழமல்லி ஒன்றுக்குத்தான் விலக்கு. மரத்தைத் தொடவே வேண்டாம், பொறுக்கினால் போதும். ராத்திரி விரித்து, சூரியன் வருவதற்குள் உதிர்த்துவிடும்.

பிரியா (9:06)
வாசனையை நான் குறை சொல்லவில்லை பெரியம்மா. அம்மா வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கியதே அதற்காகத்தான்.

மங்கை அத்தை (9:07)
அதைத்தான் நானும் சொல்கிறேன்.

அப்பாயி (9:15)
[குரல் பதிவு 1:08]

யாழினி (9:19)
கேட்க முடியாதவர்களுக்கு: அப்பாயி சொல்வது, பவழமல்லியை வாசலுக்கு நேரே வைக்காதே, கிழக்கு மூலையில் காம்பவுண்டை ஒட்டி மண்ணிலேயே விடு, கீழே சிமெண்ட் போடாதே, பழைய வேட்டியை விரித்தால் பூ மண்ணாகாது. கேட்டுக்கு இரண்டு பக்கமும் நந்தியாவட்டை வை, அதற்கு என்ன குறைச்சல். நடுவில் இருபது வினாடி சேவல் கூவுகிறது.

செந்தில் (9:21)
நந்தியாவட்டையை யாருமே யோசிக்கவில்லை.

யாழினி (9:27)
அண்ணி, இது உங்களுக்கே ஒத்துவரும். வருடம் முழுக்கப் பச்சை, இலை பளபளவென்று இருக்கும். பூவும் ஏறக்குறைய எல்லா மாதமும். ஆறேழு அடியில் நிறுத்தலாம், உருண்டையாகவோ வேலியாகவோ வெட்டினாலும் துளிர்க்கும். கம்பிவரை போகாது, சம்ப் சுவரை உடைக்கிற வேரும் இல்லை. ஒற்றை அடுக்குப் பூவும் உண்டு, பூ நிறையத் தெரிய வேண்டுமென்றால் பல அடுக்கு. ஒடித்தால் பால் வரும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரியா (9:29)
பூச்சி?

யாழினி (9:32)
கண்ணில் படுவது பெரும்பாலும் ஒரு புழுதான். விரல் தடிமன், பச்சை நிறம். தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முதுகில் இரண்டு நீலக் கண்ணைக் காட்டி மிரட்டும். கண் இல்லை, வெறும் புள்ளி. கடிக்காது, அரிக்காது, அந்துப்பூச்சியாகிப் போய்விடும். இரண்டு கிளை இலையைத் தின்னும், அவ்வளவுதான்.

பிரியா (9:33)
கம்பளிக்கு இது தேவலை.

பிரியா (9:36)
சரி. கேட்டுக்கு நந்தியாவட்டை, மூலையில் பவழமல்லி. ஆனால் என் அரவுக்காரியா ஒன்று வரும். தொட்டியில். சிட் அவுட் ஓரம், காலை வெயில் படுகிற இடத்தில். இதில் பேச்சுவார்த்தை கிடையாது.

பாலு மாமா (9:40)
தாராளமாக வை. தொட்டியில் மெதுவாகத்தான் வளரும், பல வருடம் ஆளுயரத்துக்குள் இருக்கும். மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலந்துவிடு, அடியில் ஓட்டை அடையாமல் பார். மேல் மண் காய்ந்த பிறகு தண்ணீர். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்பு, இல்லையென்றால் வெளிச்சம் வரும் பக்கம் மட்டும் கிளை அடர்த்தியாகும். கீழ் அடுக்குக் கிளை போனால் போனதுதான், அதனால் போகும் வரும் வழியில் உரசுகிற இடத்தில் வைக்காதே.

குமார் அண்ணன் (9:42)
டிசம்பரில் பிள்ளைகளோடு வருகிறேன். சீரியல் பல்பு நான் வாங்கி வருகிறேன்.

மங்கை அத்தை (9:45)
செந்திலு, பவழமல்லிக் கன்று என் வீட்டில் மரத்தடியில் நாலைந்து தானாக முளைத்திருக்கிறது, காசு கொடுத்து வாங்காதே. இரண்டடிக் குழி எடுத்து, எருவும் மண்ணும் போட்டு ஆறவிடு. வெள்ளிக்கிழமை சித்தப்பா திருச்சி வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

ரவி சித்தப்பா (9:46)
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டா?

மங்கை அத்தை (9:46)
காலடியில் வைத்துக்கொள். கோணிப்பையில் கட்டித் தருகிறேன்.