மறுமொழி: பாடி இமேஜ், பாடி ஸ்கீமா – தமிழில் என்ன வைப்பது?

பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர், அதாவது தன் தோற்றத்தில் பெரிய குறை இருப்பதாக எண்ணித் தவிக்கும் நோய், பற்றிய தமிழ்க் கையேட்டுக்கான சொற்கள் குறித்து எழுந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> பாடி இமேஜுக்கு ‘உடற்படிமம்’ என்றே வைத்துவிடலாமே. இமேஜ் என்றால் படிமம்தானே?

அக்கா, பலதுறை மருந்தகத்துக்கு வருபவர் கையேட்டில் ‘உடற்படிமச் சிக்கல்’ என்று பார்த்தால் ஸ்கேனில் ஏதோ தெரிந்திருக்கிறது என்றுதான் பயப்படுவார். எக்ஸ்ரே, எம்ஆர்ஐ படங்களை மருத்துவப் படிமம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ‘உடல் பிம்பம்’ என்றால் கண்ணாடியோடு நின்றுவிடும். கண்ணாடியே இல்லாத இடத்திலும், எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதும் மனத்தில் வந்து நிற்பதல்லவா இந்த நோயின் தொல்லை?

இங்கே பெயர் வேண்டியவை மூன்று. தன் உடலைப் பற்றி ஒருவர் வைத்திருக்கும் எண்ணம், மதிப்பீடு, வெறுப்பு எல்லாம் சேர்ந்தது பாடி இமேஜ். மனநல மருத்துவர் பால் ஷில்டர் 1935இல் விரித்து எழுதியது. நாம் நினைக்காமலே உடம்பு தன் அகலத்தையும் கைகால் இருக்கும் இடத்தையும் கணக்கு வைத்து அசைவது பாடி ஸ்கீமா; நரம்பியல் மருத்துவர்கள் ஹெட், ஹோம்ஸ் இருவரும் 1911இல் பேசியது. மூன்றாவது மென்ட்டல் இமேஜரி, மனத்தில் தானே எழும் காட்சியும் ஒலியும் உணர்வும்.

முதல் இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது. நெதர்லாந்தில் 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், அகலம் மாறிக்கொண்டே இருக்கும் திறப்பு வழியாக நடக்கச் சொன்னார்கள். கவனத்தை வேறு வேலையில் திருப்பிவிட்டு, எப்போது தோளைத் திருப்புகிறார்கள் என்று மட்டும் பார்த்தார்கள். நோயில்லாதவர்கள் திறப்பு தோளகலத்தைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தபோதே திருப்பத் தொடங்கினார்கள். எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைக் குறைத்து மெலியும் அனோரெக்சியா நோய் உள்ளவர்களோ 40 விழுக்காடு கூடுதலாக இருந்தபோதே திருப்பினார்கள். ‘குண்டாக இருக்கிறேன்’ என்று வாய் சொல்வது ஒன்று, கால் அப்படியே நடப்பது வேறொன்று.

என் முன்மொழிவு: பாடி இமேஜ் – தன்னுடல் நோக்கு. பாடி ஸ்கீமா – உடற்கணிப்பு. ‘உடற்சட்டகம்’ வேண்டாம், எலும்புக்கூடு நினைவுக்கு வருகிறது.

> பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டருக்கு ‘உடல் உருக்குலைவுக் கோளாறு’ சரிதானா?

ஐயா, அதுதான் இருப்பதிலேயே ஆபத்தான சொல். முகம் கோணலாக இருக்கிறது என்று நம்பி வருபவரிடம் ‘உங்களுக்கு உருக்குலைவு’ என்றால் ஆமாம் என்று முத்திரை குத்துவது போல. விபத்தில் சிதைந்த முகத்துக்கும் அதே சொல்தான். இத்தாலிய மனநல மருத்துவர் மொர்செல்லி 1891இல் இட்ட டிஸ்மார்ஃபோஃபோபியா என்ற பெயரிலாவது ‘ஃபோபியா’ என்று அச்சம் இருந்தது. 2013இல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்-5 இதை, வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓசிடி வகையோடு சேர்த்துவிட்டது. ஓசிடிக்கு எண்ணச் சுழற்சி என்று பலர் சொல்வதால், ‘உருக்குறை எண்ணச் சுழற்சி’ என்று வைக்கலாம். குறை உருவில் இல்லை, சுழலும் எண்ணத்தில் என்பது தெரியும்.

பாடி இமேஜுக்கு நான் சொன்ன ‘தன்னுடல் நோக்கு’ம் அப்படியே இருக்கட்டும். இதற்கு மேல் நீட்ட வேண்டாம். தமிழைத் தாய்மொழிப் பாடமாக மட்டும் படித்த உயர்நிலைப் பள்ளி மாணவர் நான்கு சொல் ஒட்டிய கூட்டுச்சொல்லில் தடுக்கி விழுவார்.

> மென்ட்டல் இமேஜரி – மனத்தோற்றம்?

அழகான சொல்தான். ஆனால் தோற்றத்தைப் பற்றிய கையேட்டிலேயே ‘தோற்றம்’ இரண்டு பொருளில் வந்தால் குழம்பும். ‘மனக்காட்சி’ என்று வைத்தால் கண் மட்டும்தான் வருகிறது, தோல் இறுகுவது, வயிறு உப்புவது போன்ற உணர்வு விட்டுப்போகிறது என்ற குறை நியாயமே. ஆனாலும் அதையே வைத்துக்கொண்டு குறையை நோயாளியிடம் கேட்கும் வினாவில் சரிசெய்யலாம். இந்த நோயில் காட்சி பெரும்பாலும் வெளியிலிருந்து பிறர் பார்ப்பது போல வரும், ஒரு பகுதி மட்டும் பெரிதாகித் தெரியும். இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். ‘உடலை எப்படிக் கற்பனை செய்கிறீர்கள்?’ என்று கேட்டால் ‘இது கற்பனை இல்லை’ என்று சண்டைக்கு வந்துவிடுவார்.

வரைவு: ‘அந்த நேரத்தில் மனத்தில் என்ன வந்தது? பார்த்ததா, கேட்டதா, உடம்பில் உணர்ந்ததா? உங்கள் கண்ணால் பார்ப்பது போலவா, எதிரே நிற்பவர் உங்களைப் பார்ப்பது போலவா? எந்தப் பகுதி பெரிதாகத் தெரிந்தது?’