மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு இனிப்பைக் குறைப்பது எப்படி?

வணக்கம். அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஏற்கெனவே சர்க்கரை நோய் உண்டு. பார்க்க வருபவர்களோ "தெம்பு வரும்" என்று சத்துமாவு டப்பாவும் பால்கோவாவுமாக வருகிறார்கள். சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் உற்சாகம். அப்புறம் பிசியோதெரபி நேரத்தில் அசந்து படுத்துவிடுகிறார்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் தையல் ஆறத் தாமதமாகும், கிருமித்தொற்றும் எளிதில் வரும் என்றார் டாக்டர். வலியும் இதனால் கூடுமா? நாட்டுச் சர்க்கரை பரவாயில்லை என்கிறார் பெரியம்மா. அதுவும் சர்க்கரைதானே! நோய் இல்லாதவர்களுக்கே நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அம்மாவின் காபியிலேயே பாதி போய்விடும்.

இப்படி யாரையாவது கவனித்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள்: சாயங்காலப் பசிக்கு என்ன கொடுத்தீர்கள்? சுண்டலும் முட்டையும் சலித்துவிட்டதாம். அப்புறம், வருபவர்கள் மனம் நோகாமல் பால்கோவாவை எப்படித் திருப்பி அனுப்புவது?