காலாவதியான காய்கறி விதை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

மாடித்தோட்டக்காரி, ஸ்ரீரங்கம்:

ஆடி பிறப்பதற்குள் மாடியை ஒழுங்குபடுத்தலாம் என்று பரணில் கை வைத்தேன். ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே வெண்டை, பி.கே.எம். 1 ரகத் தக்காளி, கத்தரி, தண்டுக்கீரை, வெங்காயம் என்று விதைப் பொட்டலங்கள். எல்லாம் 2019இல் வாங்கியவை. பொட்டலங்களைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் உருகி அட்டையோடு ஒட்டிக் கிடந்தது. எத்தனை கோடையை அந்த விதைகள் குடித்திருக்கும் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"தூக்கிப் போடு" என்றார் வீட்டுக்காரர். மனசு வரவில்லை. பழைய வேட்டித் துணியைக் கிழித்து நனைத்துப் பிழிந்து, ஒவ்வொன்றிலும் இருபது விதை எண்ணி வைத்துச் சுருட்டி, மூடி போட்ட டப்பாவில் வைத்தேன். தக்காளி சாதாரணமாக ஐந்தாறு நாளில் வெள்ளை மூக்கை நீட்டும். இது ஒன்பதாம் நாள்தான் அசைந்தது. கடைசியில் இருபதுக்கு ஒன்பது. கத்தரி ஐந்து. வெண்டை ஒன்றே ஒன்று, அதுவும் நுனி அழுகி. வெங்காயம் பூஜ்யம், நாற்றம் வேறு. கீரையை எண்ண முடியுமா? முழுப் பொட்டலத்தையும் தொட்டியில் தூவிவிட்டேன். முன்நெற்றியில் முடி கொட்டியவர் தலை மாதிரி அங்கங்கே வந்தது!

தென்னைநார்க் கழிவு நிரப்பிய தட்டில் குழிக்கு மூன்று தக்காளி விதை போட்டேன். வந்த நாற்றுகளில் பாதி, விதைத்தோலைத் தொப்பி மாதிரி கழற்றாமல் நின்றன. தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, நகத்தால் மெல்ல எடுத்துவிட வேண்டியிருந்தது. நோஞ்சான்கள் போக ஐந்து செடி தேறின. இப்போது காய்க்கின்றன, காயில் ஒரு குறையும் இல்லை.

கரிசல் சம்சாரி, கோவில்பட்டி:

அக்கா, தேதியை விடப் பரண்தான் குற்றவாளி. அடுத்த தடவை ஓட்டுக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள்.

எங்கள் அம்மா பூசணி விதையைச் சாணியில் பதித்து எருவாட்டியாகச் சுவரில் தட்டிவிடுவார். மாட்டுக்கொட்டகையைப் பிரித்தபோது பின்சுவரில் அப்படி ஒன்று நாலு வருடமாக இருந்தது தெரிந்தது. ஊறவைத்து உடைத்துப் போட்டேன். பத்துக்கு ஏழு! பூசணி, சுரை, வெள்ளரி வகையெல்லாம் கெட்டியான உயிர்.

அந்தத் தெம்பில்தான் வெங்காயத்தில் மாட்டிக்கொண்டேன். விதை போட்டு வளர்க்கிற கோ ஆன் 5 ரகச் சின்ன வெங்காயம், போன வருடத்து மிச்சம் என்று மலிவாகக் கிடைத்தது. பாத்தி கட்டி விதைத்தேன். புல் வந்தது, வெங்காயம் வரவில்லை. விதைக்கிற பட்டமே போய்விட்டது. விற்றவர் பேரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, பொட்டலத்தில் இருந்த சோதனைத் தேதி அட்டையைத் திருப்பிப் பார்க்காதது நான்தான். சோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் அந்த அட்டைக்குச் செல்லுபடி. வெங்காய விதை குறைந்தது 70 சதவீதம், வெண்டை 65, மிளகாய் 60 முளைக்க வேண்டும் என்கிறது விதைச் சான்று விதி. ஒன்பது மாதம் முடிந்த மறுநாளே தக்காளியும் பூசணியும் செத்துவிடாது. வெங்காயத்தை மட்டும் அடுத்த வருடத்துக்கு நம்பவே கூடாது.

பால்கனி விவசாயி, கோவை:

நான் நேர்மாறான கூத்து அடித்தேன். வைக்கிற இடத்தில் வெப்பம் 5 டிகிரி குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், விதைக்குள் இருக்கும் ஈரம் 1 சதவீதம் குறைந்தாலும் அப்படியே என்று படித்துவிட்டு, எல்லா விதையையும் கண்ணாடிப் புட்டியில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். பெருமையாக வாரம் ஒருமுறை எடுத்துத் திறந்து பார்ப்பேன். குளிர்ந்த புட்டி கோவைக் காற்றில் உள்ளேயும் வியர்த்துவிட்டது. மிளகாய் விதை மொத்தமும் பூஞ்சணம்.

இப்போது ராத்திரியே வெளியே எடுத்து வைத்து, காலையில் சூடு சமமான பிறகுதான் மூடியைத் திறக்கிறேன். வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போடுகிறேன், ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். பழைய பாகல் விதையை மட்டும் அப்படியே போடாதீர்கள். நகவெட்டியால் ஓரத்தை லேசாகக் கிள்ளி, ஒரு ராத்திரி ஊறவைத்தால் சீக்கிரம் வாய் திறக்கிறது. முந்தாநாள் மூன்று வருடத்துப் பாகலில் ஆறுக்கு நாலு.

மாடித்தோட்டக்காரி, ஸ்ரீரங்கம்:

சரி, இன்னொரு சந்தேகம். மிச்ச வெண்டை விதை இளஞ்சிவப்பாக இருக்கிறது. அணிலுக்கும் புறாவுக்கும் போட்டுவிடலாமா?

கரிசல் சம்சாரி, கோவில்பட்டி:

ஐயையோ, வேண்டாம் அக்கா! அந்தச் சிவப்பு, விதை மேல் பூசிய விஷ மருந்து. கோழிக்குக்கூடப் போடக் கூடாது. கிணற்றிலிருந்து தள்ளி ஆழமாகக் குழி தோண்டி மூடுங்கள், கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மாடித்தோட்டக்காரி, ஸ்ரீரங்கம்:

நல்ல வேளை, கைப்பிடிச் சுவரில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. எடுக்கப் போகிறேன்.