'ஃபிக்ஸ் ரிலீஸ்டு' என்கிறார்கள், என் கணினியில் பிழை போகவே இல்லை

கேள்வி: கணினியில் ஓடுவது உபுண்டு 24.04 இயங்குதளம். கடையில் ஸ்கேன் செய்ய வைத்திருக்கும் சின்ன மென்பொருள் ஒன்று இரண்டாவது பக்கத்துக்குப் போனதும் படக்கென்று மூடிக்கொள்கிறது. பத்திரம் நாற்பது பக்கம் என்றால் ஒவ்வொன்றாக எடுத்து அப்புறம் ஒட்ட வேண்டும், எதிரே ஆள் நின்றுகொண்டே இருப்பார். உபுண்டு பிழைகளைப் பதியும் லாஞ்ச்பேட் தளத்தில் இதே பிழையை யாரோ பதிந்து, மூன்று வாரம் முன்பே 'ஃபிக்ஸ் ரிலீஸ்டு' (திருத்தம் வெளியாகிவிட்டது) ஆகிவிட்டது. தினமும் அப்டேட் போடுகிறேன், வரவில்லை. யாருக்குத்தான் சரிசெய்தார்கள்?

பதில் 1: புதிய பதிப்புக்கு மாறிவிடுங்கள் ப்ரோ.

கேட்டவர்: கடைக் கணினி ப்ரோ. பிரிண்டரை ஓட வைத்ததே பெரும்பாடு.

பதில் 2: மாற வேண்டாம். நீங்கள் பார்த்தது இப்போது உருவாகிவரும் பதிப்புக்கான நிலை. எந்தத் திருத்தமும் முதலில் அங்கேதான் போகும். பிழைப் பக்கத்தின் மேல் அட்டவணையில் 'நோபிள்' என்று தனி வரி இருக்கிறதா? 24.04இன் பெயர் அது.

கேட்டவர்: இருக்கிறது. 'ஃபிக்ஸ் கமிட்டட்'.

பதில் 2: அப்போ முக்கால் கிணறு தாண்டியாச்சு. திருத்திய பொதி (மென்பொருளை நிறுவும் தொகுப்பு), எல்லோருக்கும் அனுப்பும் முன் சோதிப்பதற்கான 'ப்ரோபோஸ்டு' கிடங்கில் காத்திருக்கிறது. குறைந்தது 7 நாள் அங்கே இருக்க வேண்டும், அதோடு யாராவது சோதித்து 'சரியாகிவிட்டது' என்று எழுதவும் வேண்டும். பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் பிழை வந்தவர்கள் எல்லோரும் 'எனக்கும்தான்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இவ்வளவு கெடுபிடி எதற்கென்றால், ஏற்கெனவே வெளியான நிலையான பதிப்பில் ஸ்கேனரைச் சரிசெய்யப் போய் வேறெதையாவது கெடுத்தால் நேற்றுவரை நன்றாக ஓடிய கணினிகளும் படுத்துவிடும், அந்தப் பயம்தான். பாதுகாப்பு ஓட்டை என்றால் வழியே தனி.

நீங்களே சோதிக்கலாம். ப்ரோபோஸ்டைச் சேர்த்து அந்த ஒரு பொதியை மட்டும் நிறுவுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். பிழை விவரத்தில் 'டெஸ்ட் பிளான்' இருக்கும், அதன்படி செய்துவிட்டு, பொதியின் பதிப்பு எண்ணோடு கருத்து எழுதி, 'வெரிஃபிகேஷன் நீடட் நோபிள்' என்ற குறிச்சொல்லை 'வெரிஃபிகேஷன் டன் நோபிள்' என்று மாற்றுங்கள்.

கேட்டவர்: செய்துவிட்டேன். 46 பக்கம் ஒரே மூச்சில் ஓடியது! குறிச்சொல்லும் மாற்றியாச்சு. வீட்டு லேப்டாப்பில் ப்ரோபோஸ்டு போடவில்லை, அதற்கு எப்போது வரும்?

பதில் 2: 7 நாள் முடிந்து உபுண்டு குழுவினர் பார்த்து அனுப்பியதும். அப்போதும் எல்லோருக்கும் ஒரேயடியாக வராது, பத்து சதவீதத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள், நடுவில் புதிதாக ஏதாவது நொறுங்கினால் நிறுத்திவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்து உங்களுக்கு வராவிட்டால் இங்கே வந்து திட்டாதீர்கள்.